துரை சட்டையிலிருந்து சபாரி சூட் வரை

சபாரி சூட் என்பது ஒரே துணியில் தைத்த மேல்சட்டையும் கால்சட்டையும் சேர்ந்த ஆண்கள் உடை. மேல்சட்டை பார்வைக்குக் கோட்டைப் போல இருக்கும். ஆனால் கோட்டுக்குரிய உள்துணியோ தோளில் வைக்கும் பஞ்சோ இதில் கிடையாது. கை பெரும்பாலும் அரைக்கை. கழுத்து திறந்திருக்கும், டை கட்டுவதில்லை. மார்பில் இரண்டு, கீழே இரண்டு என நான்கு பைகள் வெளிப்பக்கமாக வைத்துத் தைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடியும் ஒரு பொத்தானும் இருக்கும். தோளில் பட்டி வைப்பதும் உண்டு. சட்டையைக் கால்சட்டைக்குள் விடாமல் வெளியே விட்டுத்தான் உடுத்த வேண்டும். 1970களில் உலகின் பல நாடுகளிலும் கொடிகட்டிப் பறந்த இந்த உடை, அடுத்த பத்தாண்டுக்குள்ளேயே பழைய காலத்து உடை என்று பெயர் வாங்கிவிட்டது.

மலேசியாவில் இதன் கதை சற்று வேறு. அங்கே ஏறக்குறைய இதே சட்டைக்குப் புஷ் ஜாக்கெட் என்று இன்னொரு பெயர் இருக்கிறது. சபாரி என்றால் அப்பா காலத்துக் கல்யாணப் படம் நினைவுக்கு வரும். புஷ் ஜாக்கெட் என்றாலோ அமைச்சரும் அரசு அதிகாரியும் போட்டுக்கொள்ளும் மரியாதையான உடை. பைகளும் கழுத்தும் வெட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பெயருக்கேற்ப மதிப்பு மாறுகிறது. இது எப்படி வந்தது என்று பார்க்க நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களைப் போல நல்ல இடம் இல்லை. துரை என்ற மேலாளர், கிராணி என்ற எழுத்தர், தொழிலாளி என்று உடையாலேயே ஆளை அடையாளம் கண்ட இடங்கள் அவை.

சபாரி என்னும் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. பயணம் என்பது பொருள். அதன் வேர் அரபியின் சபர். தமிழ் முஸ்லிம்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. கப்பலேறி மலாயாவுக்கும் பர்மாவுக்கும் வியாபாரத்துக்குப் போனவர்களைக் கடற்கரை ஊர்களில் சபர் போனவர்கள் என்றே சொன்னார்கள்.

உடையின் வேர் இந்தியாவில் இருக்கிறது. 1846இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய கைட்ஸ் படை, மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறத்துச் சீருடைக்கு மாறியது. தூசி என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அந்த நிறத்துக்குக் காக்கி என்று பெயர் வந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் ராணுவம் வெளிநாட்டுப் போர்களுக்கெல்லாம் காக்கியையே எடுத்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போருக்குப் பிறகு, இந்தக் காக்கிச் சட்டை படையிலிருந்து வேட்டைக்காரர்களிடமும் காட்டு அதிகாரிகளிடமும் போனது. நான்கு பைகளும் அழகுக்கு வந்தவை அல்ல. தோட்டா, திசைகாட்டி, வரைபடம், குறிப்பேடு என்று காட்டில் கைக்கு எட்ட வேண்டியவற்றை வைக்க வந்தவை. பையின் நடுவில் விடும் பெட்டி மடிப்பு, உள்ளே பொருள் சேரச் சேரப் பை விரிந்துகொடுப்பதற்காக. தோள்பட்டி, துப்பாக்கி வாரும் நீர்க்குடுவை வாரும் நழுவாமல் பிடிப்பதற்காக.

மலாயாத் தோட்டங்களுக்கு இந்தச் சட்டை வெள்ளைக்காரத் துரையோடு வந்தது. நெகிரி செம்பிலானில் சுங்கை ஊஜோங் என்று அப்போது அழைக்கப்பட்ட பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலில் காப்பியும் பிறகு பால்மரம் எனப்படும் ரப்பரும் நடப்பட்டன. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. லின்சம், லாபு, சுவா பெத்தோங், சிலியாவ், பகாவ் என்று தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி வழியாகக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் நிற்கும் அவர்கள் முன்னால் துரை வந்து நிற்பார். தலையில் தொப்பி, காக்கிச் சட்டை, முட்டிக்கு மேலே நிற்கும் கால்சட்டை, முட்டிவரை இழுத்த காலுறை. கிராணி வெள்ளை ட்ரில் துணியில் கஞ்சி போட்ட கால்சட்டை அணிந்தார். பால் வெட்டுபவருக்கோ பழைய சட்டையும் கைலியும்தான். ரப்பர் பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கருத்துப் பிசினாக ஒட்டிக்கொள்ளும், எத்தனை துவைத்தாலும் போகாது. நல்ல துணியை உடுத்திக்கொண்டு பால்மரத் தீம்பாருக்குப் போக வழியில்லை.

உடை வெறும் உடையாக இல்லாததற்குக் காரணம் தோட்டத்தில் நிலவிய அடக்குமுறை. 1941இல் பக்கத்து மாநிலமான சிலாங்கூரில் கிள்ளான் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் கேட்டவற்றில் கூலி உயர்வு மட்டும் இல்லை. ஐரோப்பியரும் தோட்டத்து அலுவலரும் எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தவும் கேட்டார்கள். தூரத்தில் வருபவர் யாரென்று முகம் தெரியுமுன்பே சட்டை சொல்லிவிடும் ஊரில், எந்தச் சட்டையைக் கண்டு இறங்குவது என்பது சிறிய விஷயம் அல்ல.

இரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஜப்பானியர் ஆட்சியில், 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதில் சேர்ந்தார்கள். சிரம்பானிலும் அதன் பயிற்சி முகாம் இருந்தது. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களில் பலர் தோட்டத்துப் பெண்கள். நேற்றுவரை காக்கிக்கு எழுந்து நின்றவர்கள் தாங்களே காக்கி உடுத்தி அணிவகுத்தார்கள். அந்தப் படை போரில் தோற்றது. ஆனால் அந்த உடையைத் தன் உடலில் போட்டுப் பார்த்த ஒரு தலைமுறை, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்குத் திரும்பி வந்தது. தோட்டத்து உடையின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை. 1946க்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வேகமாக எழுந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அந்த இரண்டு ஆண்டுகள் கொடுத்த நிமிர்வும் அவற்றில் ஒன்று.

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 1960வரை நீடித்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வந்த படைகள் காட்டுப் பச்சை நிறத்தில் புஷ் ஜாக்கெட் அணிந்தன. லயங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. தோட்டத்து மேலாளர்கள் துப்பாக்கியோடு சுற்றினார்கள். அந்த ஆண்டுகளில் புஷ் ஜாக்கெட் உத்தரவு போடுகிறவரின் உடை என்ற எண்ணம் நாடு முழுவதும் ஊறிப்போனது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்துக்கு உள்ளூர்த் தலைவர்கள் வந்தார்கள். வெப்ப நாட்டுக்கு டையும் கம்பளிக் கோட்டும் ஒவ்வாதவை. வேட்டியும் ஜிப்பாவும் ஓர் இனத்துக்கு உரியவை, பாஜு மலாயு இன்னோர் இனத்துக்கு உரியது. பல இனங்கள் ஒன்றாக உட்காரும் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது புஷ் ஜாக்கெட். 1959இல் ஊரக மேம்பாட்டு அமைச்சரான துன் அப்துல் ரசாக் கிராமம் கிராமமாகச் சுற்றியபோது அணிந்தது இதைத்தான். 1970இல் பிரதமரான பிறகும் அதை அவர் கைவிடவில்லை. 1981இல் பிரதமரான மகாதீர் முகம்மது இதை நாடறிந்த அடையாளமாகவே ஆக்கினார். நெஞ்சில் பெயர்ப்பட்டையோடு புஷ் ஜாக்கெட் அணிந்த அவருடைய தோற்றம் 2003வரை அவர் பதவியில் இருந்த காலத்திலும், 2018இல் மீண்டும் பிரதமராகத் திரும்பியபோதும் மாறவில்லை.

இது மலேசியாவில் மட்டும் நடந்ததல்ல. விடுதலை பெற்ற பல நாடுகள் அப்போது டை இல்லாத உடையைத் தேடிக்கொண்டிருந்தன. சாம்பியாவில் அதிபர் கென்னத் கவுண்டா அணிந்த சபாரி உடைக்குக் கவுண்டா சூட் என்றே பெயர் விழுந்தது. ஜமைக்காவில் 1972இல் பிரதமரான மைக்கேல் மேன்லி, கரீபா என்ற உடையில் நாடாளுமன்றத்துக்குள் போனார். வெள்ளைக்காரன் காட்டுக்கு உடுத்தியதை எடுத்து, அவனுடைய அறைக்குரிய கோட்டைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தினார்கள்.

இவ்வளவும் அரசியல் உடையின் வரலாறு. தோட்டத்து லயத்துக்குள் சபாரி சூட் வந்த வழி வேறு: சினிமாவும் செயற்கை இழையும்.

மேற்கில் 1960களின் இறுதியில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் சபாரிச் சட்டையை நாகரிக உடையாக்கினார். 1974இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் அதை அணிந்து பாங்காக்கில் சுற்றினார். அமெரிக்காவில் அதே பத்தாண்டில் லீஷர் சூட் என்ற உடை பரவியது. ஓய்வு நேரத்துக்கான சூட் என்று பெயர். பாலியஸ்டர் பின்னல் துணி, அகலக் காலர், வெளிர்நீலமும் பழுப்புமான நிறங்கள். இரண்டும் நெருங்கிய உறவு என்றாலும் ஒன்றல்ல. சபாரிக்கு அடையாளம் நான்கு பைகளும் தோள்பட்டியும். லீஷர் சூட்டுக்கு அடையாளம் காலரும் பின்னல் துணியும். 1987இல் ஒரு கணினி விளையாட்டு, பெண்கள் பின்னால் அலையும் அசட்டு நாயகனுக்கு லீஷர் சூட் லாரி என்றே பெயர் வைத்தது. அதற்குள் அந்தச் சொல் அமெரிக்காவில் ஏளனமாகிவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பாலியஸ்டர் இழையை 1941இல் மான்செஸ்டரில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிரிட்டனில் அதன் விற்பனைப் பெயர் டெரிலின். தோட்டத்து மக்களுக்கு அது பெரிய வசதியாகப் பட்டதில் வியப்பில்லை. துவைத்துக் கொடியில் போட்டால், மாலை மழைக்கு முன் காய்ந்துவிடும். கஞ்சி வேண்டாம். ஒருமுறை பிடித்த மடிப்பு துவைத்த பின்னும் அப்படியே நிற்கும். லயத்துப் பொதுக் குழாயடியில், அதிகாலைப் பால்வெட்டு முடிந்து வந்து துணி துவைத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். கஞ்சி காய்ச்சும் வேலையும் கரி இஸ்திரிப்பெட்டியை ஊதும் வேலையும் குறைந்ததால் முதலில் மூச்சுவிட்டவர்கள் அவர்கள்தான். சபாரி சூட் பற்றிய எழுத்துகள் ஆண்களின் மிடுக்கைச் சொல்லும் அளவுக்கு இதைச் சொல்வதில்லை.

துணியில் குறையும் இருந்தது. பஞ்சு தன் எடையில் எட்டு விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. ஆகவே வியர்வை துணிக்குள் போகாமல் தோலிலேயே தங்கும். நண்பகல் வெயிலில் கழுத்தும் அக்குளும் எரியும். கரிப்பெட்டியின் சூடு கொஞ்சம் கூடினால் போதும், துணி உருகிப் பளபளவென்று ஒரு தழும்பு விழும். அந்தத் தழும்பை மறைக்க முடியாது.

துணி கடனில் வந்தது. பஞ்சாபித் துணி வியாபாரிகள் சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக வந்து, சம்பள நாளில் பணம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் விற்றார்கள். லயத்து மக்கள் அவர்களை வங்காளி என்றே அழைத்தார்கள். தைப்பதற்குச் சிரம்பான், பகாவ், தம்பின், போர்ட்டிக்சன் தையற்கடைகளுக்குப் போக வேண்டும். சபாரிக்கு மூன்று மீட்டருக்குச் சற்று மேல் துணி பிடிக்கும். சாதாரணச் சட்டை தைப்பவர் எல்லோரும் சபாரி தைத்துவிட மாட்டார்கள். நான்கு பைகளும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். மூடியின் முனைகள் சுருளக் கூடாது. காலர் படிந்து விழ வேண்டும், ஆனால் உள்துணி இல்லாததால் அதைத் தாங்க வேண்டியது கேன்வாஸும் தையலும்தான். காஜா இழுபட்டால் முன்பக்கம் முழுதும் கோணிக்கொள்ளும். கோடு போட்ட துணியானால் பையின் கோடும் சட்டையின் கோடும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். கூலி சட்டைக் கூலியைவிடப் பல மடங்கு கூடியதற்கு இந்த வேலைப்பாடே காரணம்.

ஆகவே ஒருவர் வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ சபாரி தைத்தார். கல்யாணத்துக்கு ஒன்று தைத்தால் அதுவே தீபாவளிக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும், பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்கும் வரும். தாலி கட்டும்போது வேட்டி. மாலை விருந்தில் மாப்பிள்ளைக்குச் சூட். கோட்டு தைக்கக் கட்டுப்படியாகாத வீட்டில் அந்த இடத்தைச் சபாரி பிடித்தது. ஊருக்குப் போகிறவர் பெட்டியில் சபாரித் துணியும் போனது. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் துணிக்கு இருந்த மதிப்பு பெரிது. அண்ணன் தம்பிக்கு ஒரு துண்டு, மாமாவுக்கு ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுத்தார்கள்.

சபாரியை அன்றாடம் உடுத்தியவர்கள் வேறு. தோட்டத்திலிருந்து படித்து மேலேறியவர்கள் அவர்கள்: ஆசிரியர், மருந்தகத்து டிரஸ்ஸர், கிராணி, தொழிற்சங்க அலுவலர். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் உருவானது. அதன் பொதுச்செயலாளராக நெடுங்காலம் இருந்த பி. பி. நாராயணனின் தொழிற்சங்க வாழ்க்கை நெகிரி செம்பிலானில்தான் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் வெள்ளைக்காரத் துரைகள் போய் உள்ளூர் மேலாளர்கள் வந்தார்கள். மாநிலத்தில் பல தோட்டங்களை வைத்திருந்த கத்ரி நிறுவனத்தை 1981 செப்டம்பர் 7ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் மலேசிய அரசு சார்ந்த நிறுவனம் வாங்கியது. துரை என்ற சொல் தோட்டத்தில் தொடர்ந்தது, அதைத் தாங்கியவர் மாறினார். முன்பு அவருக்கு மட்டும் உரியதாக இருந்த நான்கு பைச் சட்டை, இப்போது பெரட்டில் எதிரே நின்றவரின் மகனுக்கும் இருந்தது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் சபாரி என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இதுதான்: வெட்டுக்கத்தியிலிருந்து விலகிய ஒருவரின் உடை. அதை வெறும் பழைய மோஸ்தர் என்று தள்ளுவது, அந்தச் சட்டைக்காக ஒரு குடும்பம் கட்டிய கடனையும் பட்ட பாட்டையும் சேர்த்துத் தள்ளுவதாகும்.

1980களின் இறுதியில் சபாரி சூட் இளைஞர்களிடமிருந்து மறைந்தது. ஆயத்த ஆடைகள் மலிந்தன. ஜீன்ஸ் வந்தது. அரசு அலுவலகங்களில் பாத்தேக் சட்டைக்கு ஊக்கம் கிடைத்தது. இன்று மலேசிய அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணிகிறார்கள். தோட்டங்களும் மாறின. பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் பண்டார் ஸ்ரீ செண்டாயான் போன்ற புதிய நகர்கள் எழுந்தன. சபாரி தைத்த தலைமுறையும் அதன் பிள்ளைகளும் சிரம்பான், நீலாய் பக்கத்துக் குடியிருப்புகளுக்குப் போனார்கள்.

இன்றைய வழக்கில் இந்தச் சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்கச் சில குறிப்புகள் உதவும். மலேசிய அழைப்பிதழில் உடை என்ற இடத்தில் புஷ் ஜாக்கெட் என்றிருந்தால், டை இல்லாமல், திறந்த கழுத்தோடு, சட்டையை வெளியே விட்டு அணியும் ஒருநிறச் சட்டையைக் குறிக்கும். கை அரைக்கையாகவோ முழுக்கையாகவோ இருக்கலாம். கறுப்பும் கருநீலமும் சாம்பலும் ஏற்றவை. லவுஞ்ச் சூட் என்றிருந்தால் அது டையோடு கூடிய முழுக் கோட்டு. அங்கே புஷ் ஜாக்கெட் பொருந்தாது. தோள்பட்டியும் பெரிய மூடிப் பைகளும் உள்ள பழைய சபாரி, புஷ் ஜாக்கெட் என்ற பெயருக்குள் வரும் என்றாலும், இப்போதைய தையற்காரர்கள் தோள்பட்டியை எடுத்துவிட்டு, பையைத் தட்டையாக்கித்தான் தைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சபாரி என்ற சொல் இன்னொரு பக்கம் போனது. அங்கே 1980களில் அதிகாரிகளும் தொழிலதிபர்களும் விரும்பி அணிந்த உடை அது. திருமணத்தில் சம்பந்திக்குச் சபாரித் துணி வைத்துக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தது. இந்தியப் பிரதமரைக் காக்க 1985இல் தொடங்கிய சிறப்புப் பாதுகாப்புக் குழுவினர் சபாரி அணிந்து மக்கள் கண்ணில் பட்டதிலிருந்து, சபாரி போட்டவர் என்றால் மெய்க்காவலர் என்ற பொருள் நிலைத்துவிட்டது. தனியார் காவல் நிறுவனங்களும் ஓட்டுநர்களுக்கும் காவலர்களுக்கும் அதையே சீருடையாகக் கொடுக்கின்றன. ஆக, அதே உடையில் ஒருவர் சிரம்பானில் விழாத் தலைவராகத் தெரிவார். சென்னையில் தலைவருக்குப் பக்கத்தில் நிற்பவராகத் தெரிவார்.

துணியும் இப்போது மேம்பட்டுவிட்டது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நெசவிலும், லினனிலும் புஷ் ஜாக்கெட் தைக்கிறார்கள். பழைய எரிச்சல் இல்லை. பழைய சபாரியை வைத்திருப்பவர்கள் அதை மீண்டும் அணிய விரும்பினால், இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஈரத்துணி விரித்துத் தேய்ப்பது நல்லது. தோள்பட்டியைத் தையல் பிரித்து எடுத்துவிட்டால் பெரும்பாலான சபாரிகள் இன்றைய புஷ் ஜாக்கெட்டாகவே பொருந்திவிடும்.